நீர்கொழும்பு விடுதியில் படித்த கணக்கு

கடந்த மாதம் நானும் மனைவியும் நீர்கொழும்பில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. டோஹாவுக்குத் திரும்பும் எமது இளைய மகளையும் பேரப்பிள்ளையையும் கட்டுநாயக்காவில் வழியனுப்ப வேண்டியிருந்தது. விமானமோ அதிகாலையில். நடுநிசியில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு அதே வேனில் கண்டிக்குத் திரும்பும் தெம்பு இப்போது எனக்கில்லை. எனவே கால்வாய்க் கரையோரம் ஆறே அறைகள் கொண்ட ஒரு சிறிய கெஸ்ட் ஹவுஸில் மகன் தொலைபேசி மூலம் அறை எடுத்துத் தந்தான். ஓர் இரவுக்கு 5,500 ரூபா.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கு இருக்கிறது. கண்டி நகரில் எமது துணிக்கடைக்கு மேல்மாடியிலும் ஆறு அறைகள் இருக்கின்றன. வாப்பாவின் காலத்திலிருந்து லொட்ஜாக நடந்தவை. 2020இல் கொரோனாவோடு பூட்டிய கதவுகளை நாம் இன்னும் திறக்கவில்லை. இப்போது அங்கே துணிப் பேல்கள் அடுக்கிக் கிடக்கின்றன. ஒருவர் அந்த மாடியைக் களஞ்சியத்துக்காக மாதம் 60,000 ரூபா வாடகைக்குக் கேட்கிறார். மகனோ "வாப்பா, கொடுக்க வேண்டாம், திரும்பவும் லொட்ஜைத் திறப்போம்" என்கிறான். இந்த யோசனை மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் நீர்கொழும்புப் பயணம் வந்தது.

வாசலில் ஒரு விலைப்பலகை

அந்த வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பலகை. அறைக்கு எவ்வளவு, ஏ.சி. போட்டால் எவ்வளவு, காலைச் சாப்பாடு எவ்வளவு, விமான நிலையத்துக்கு வண்டி எவ்வளவு என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்று இல்லை.

வீட்டுக்காரி எழுபது வயதை நெருங்கும் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. நீர்கொழும்பின் பழைய குடும்பங்களில் பேசப்படும் தமிழை நன்றாகவே பேசினார். சாவியைத் தருவதற்கு முன்பே மூன்று விடயங்களைச் சொன்னார். "ஹாஜியார், பின்னேரத்தில் மேல்மாடிக்குத் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். அலையில் தண்ணீர் வற்றும்போது கால்வாய்ப் பக்கம் கொஞ்சம் மணக்கும். பக்கத்து வீட்டில் நாய் குரைக்கும். இதெல்லாம் சரியென்றால் தங்குங்கள்" என்றார்.

அறை சிறியது. மின்விசிறி பழையது. ஆனால் படுக்கை விரிப்பு வெயிலில் காய்ந்த வெள்ளை விரிப்பு. நுளம்பு வலையில் ஓர் ஓட்டை கிடையாது. குளியலறை காய்ந்து சுத்தமாக இருந்தது. அவர் சொன்னபடியே பின்னேரம் தண்ணீர் மெதுவாக வந்தது. கால்வாயும் மணந்தது. நாயும் குரைத்தது. எனக்குக் கோபம் வரவில்லை, ஏனெனில் நான் அறிந்தே வாங்கிய சரக்கு அது.

மேலே உலர்ந்த தானியத்தையும் அடியில் ஈரத் தானியத்தையும் வைத்து விற்றவரை நபிகளார் கண்டித்த சம்பவத்தை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். குறையை மேலே வைத்து விற்கும் ஒருவரை நான் நேரில் கண்டது அந்தக் கால்வாய்க் கரையில்தான்.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். பதிவுப் புத்தகத்தில் எனது பெயரை எழுதும்போது எனக்குக் கை சற்றுத் தயங்கியது. 2019 ஏப்ரல் 21 அன்று கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்தில் நடந்ததை அந்த ஊர் எப்படி மறக்கும்? அவருடைய உறவினர் வீடொன்றிலும் அன்று இழப்பு நேர்ந்ததாகப் பின்னர் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொண்டோம். அவரோ பெயரைப் படித்தார், அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார், அவ்வளவுதான். இரவில் மனைவி தொழுவதற்கு ஒரு சுத்தமான விரிப்புக் கேட்டபோது, மடிப்புக் கலையாத ஒன்றை எடுத்து வந்து, "உங்களுடைய ஆட்கள் இந்த ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் தொழுவார்கள்" என்று காட்டிவிட்டுப் போனார். எமக்கு முன்னரும் எம்மவர்கள் அங்கு தங்கியிருக்கிறார்கள், அவர்களையும் அவர் கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கால்வாயும் தவளமும்

மறுநாள் காலை கால்வாய்க் கரையில் நடந்தோம். மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. கோட்டை இராசதானிக் காலத்திலேயே இந்தப் பக்கத்தில் பாக்கும் கறுவாவும் ஏற்றிச் செல்ல நீர்வழிகள் இருந்தன. ஒல்லாந்தர் அவற்றைப் பெருப்பித்தார்கள். பின்னர் வந்த ஆங்கிலேயர் 1802 முதல் 1804 வரை வெட்டியதுதான் ஹமில்டன் கால்வாய். முத்துராஜவெல நிலங்களில் புகுந்த உப்புநீரை வடியச் செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஒல்லாந்தர் கோட்டையின் வாசலில் 1678 என்ற ஆண்டு இன்றும் தெரிகிறது. உள்ளே இப்போது இருப்பது சிறைச்சாலை.

அந்தப் பாக்கில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது? எமது மலைநாட்டிலிருந்துதான். கண்டி இராச்சியத்தில் எமது முன்னோர்கள் தவளம் மாடுகளை ஓட்டினார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வந்து, இங்கிருந்து பாக்கு ஏற்றிச் சென்றார்கள். நாட்கணக்கில் நடந்த அந்தப் பயணங்களில் அவர்கள் இரவைக் கழித்தது வழியோர அம்பலங்களில். கடுகண்ணாவையில் கண்டி வீதியோரம் இன்றும் நிற்கும் அம்பலத்தை நாம் எத்தனை தடவை வாகனத்தில் கடந்திருப்போம்! நான்கு தூண், ஒரு கூரை, குடிக்கத் தண்ணீர். வியாபாரி தங்க இடமில்லாத வழியில் வியாபாரம் நடக்காது என்பதை அன்றைய ஆட்கள் அறிந்திருந்தார்கள்.

எமது தவறு

இனி எமது லொட்ஜுக்கு வருகிறேன். அதை நாம் எப்படி நடத்தினோம்? வாப்பாவின் காலத்தில் ஒரே விலைதான். பின்னர் உல்லாசப் பிரயாணிகள் பெருகியபோது முகத்தைப் பார்த்து விலை சொல்லப் பழகிக்கொண்டோம். ஊர்க்காரருக்கு ஒன்று, கொழும்பாருக்கு ஒன்று, வெள்ளைக்காரருக்கு ஒன்று. முச்சக்கர வண்டிக்காரர் ஆளைக் கொண்டுவந்தால் அவருடைய கமிஷனையும் சேர்த்து இன்னொன்று.

2016இல் ஒரு வெளிநாட்டுத் தம்பதியினர் மூன்று நாட்கள் தங்குவதாக வந்தார்கள். ஊர்க்காரரிடம் வாங்குவதைப் போல் மூன்று மடங்கு சொன்னோம். அதில் ஒரு பங்கு கூட்டி வந்தவருக்கு. இரவில் அவர்கள் அடுத்த அறையில் தங்கிய காத்தான்குடி வியாபாரியிடம் பேசியிருக்கிறார்கள். காலையில் எதுவும் சொல்லாமல் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைய இலாபம் ஓர் இரவின் இலாபம். போனது இரண்டு இரவும், அந்த வியாபாரிக்கு எம்மீது இருந்த மதிப்பும். அவர் அதன் பின்னர் எமது லொட்ஜுக்கு வரவேயில்லை.

அதன் பிறகு காலமும் எம்மை அடித்தது. 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் நடந்த வன்செயல்கள், ஊரடங்குச் சட்டம். 2019இல் ஈஸ்டர் தாக்குதல். 2020இல் கொரோனா. 2022இல் எரிபொருள் வரிசை. 2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் வந்த நாட்டுக்கு 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2024இல் அந்தத் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. எனவே காலத்தின் மீது மட்டும் பழியைப் போட முடியாது. ஆட்கள் திரும்பி வந்தபோதும் எமது கதவு பூட்டியே கிடந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஆறு அறைகளில் இரண்டைத் துணிக்கு வைத்துக்கொண்டு நான்கைத் திறப்பதாக வைப்போம். அறைக்கு 4,500 ரூபா. மாதத்தில் பாதி நாட்கள், அதாவது 15 இரவுகள் ஆள் இருந்தால் வரவு 270,000 ரூபா. எல்லோரும் இணைய முன்பதிவுத் தளங்கள் மூலமே வந்தாலும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் என்று கமிஷன் 40,500. துப்புரவு செய்பவரின் சம்பளம் 65,000. மின்சாரமும் தண்ணீரும் 40,000. விரிப்புக் கழுவ, சவர்க்காரத்துக்கு 30,000. பழுது பார்க்க 15,000. மிஞ்சுவது 79,500 ரூபா.

களஞ்சிய வாடகையை விட 19,500தான் அதிகம். தலையிடியோ பத்து மடங்கு அதிகம். ஆள் பதினான்கு இரவுக்குக் குறைந்தால் வாடகையே மேல். கணக்கு இவ்வளவுதான் என்றால் களஞ்சியத்துக்குக் கொடுப்பதே புத்தி என்று எனக்கும் தோன்றியது.

ஆனால் நீர்கொழும்பில் நாம் செலவழித்ததை மனைவி வேனில் வரும்போது கூட்டிப் பார்த்தார். அறைக்கு 11,000. சாப்பாடு, கருவாடு, பேரப்பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான், படகுச் சவாரி, மருந்து, ஆட்டோ என்று மேலும் 19,000க்குக் கிட்ட. மலிவான அறையில் மிச்சப்படுத்திய பணத்தை அந்த ஊர்க் கடைகளிலேயே விட்டு வந்திருக்கிறோம்! தங்காமல் திரும்பியிருந்தால் ஒரு பிளேன்டீயோடு முடிந்திருக்கும்.

கால்வாய்களுக்குப் பேர்போன இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தது. நெரிசல் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அந்த ஆண்டில் 5 யூரோ கட்ட வேண்டியிருந்தது. நகரில் இரவு தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. நெரிசலைக் குறைக்கத்தான் அந்த விதி. ஆனால் ஊருக்கு உதவுபவர் யார் என்பதையும் அது காட்டிவிட்டது.

எமது கண்டி 1988இல் உலக மரபுரிமை நகரானது. தலதா மாளிகையையும் வாவியையும் பார்த்துவிட்டு, மாலையாகுமுன் பஸ் ஏறிப்போகும் கூட்டம் எவ்வளவு! இவர்களில் நூற்றில் பத்துப் பேர் ஓர் இரவு தங்கினாலே தையற்காரர் முதல் கொத்துரொட்டிக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

மலிவு அறை தேடுபவர் வெளிநாட்டவர் மட்டும்தானா? கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனைக்கும் அம்பாறையிலிருந்தும் பதுளையிலிருந்தும் நோயாளியோடு வருபவர்கள் எங்கே தங்குகிறார்கள்? பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், சரக்கெடுக்க வரும் சிறு வியாபாரி, இவர்களுக்கு வேண்டியது நீச்சல் தடாகமா? சுத்தமான விரிப்பும், பூட்டக்கூடிய கதவும், சொன்ன விலையும்தான்.

செய்ய வேண்டியது

மேல்மாடியில் அறை வைத்திருக்கும் எமது வர்த்தகச் சகோதரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. முதலில், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் உள்ளூராட்சி மன்றத்திலும் முறையாகப் பதிந்துகொள்ளுங்கள். பதிவில்லாத அறைக்கு நல்ல விருந்தாளி நம்பி வரமாட்டார். இரண்டாவது, விலையை வாசலில் எழுதுங்கள். பெரஹரா நாட்களில் விலை கூடுவது வியாபாரம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விலையையும் முன்கூட்டியே அதே பலகையில் எழுதுங்கள். தொலைபேசியில் ஒன்றைச் சொல்லி, பெட்டியோடு வந்து நிற்பவரிடம் இன்னொன்றைக் கேட்பது வியாபாரமல்ல. மூன்றாவது, ஆள் பிடித்து வருபவருக்குக் கொடுக்கும் கமிஷனை நிறுத்தி, அதை விலையில் குறையுங்கள். முதல் சில மாதங்கள் அறை காலியாகக் கிடக்கும், பொறுக்க வேண்டும். நான்காவது, குறையைச் சாவி கொடுக்கும் முன் சொல்லுங்கள்.

"இப்படிச் செய்தால் பக்கத்து லொட்ஜ்காரன் பிழைப்பான், நாம் பட்டினி கிடப்போம்" என்று என் மச்சானே சொன்னார். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு விடுதி மட்டும் திருந்துவது கடினம். அதனால்தான் இதனைப் பத்திரிகையில் எழுதுகிறேன். ஒரு வீதியில் நான்கு பேர் சேர்ந்து பலகை வைத்தால் ஐந்தாமவரும் வைத்தே ஆக வேண்டும்.

களஞ்சியம் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன். பேல்களை இரண்டு அறைகளுக்குள் ஒதுக்கும் வேலை தொடங்கிவிட்டது. தண்ணீர்க் குழாய் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, நுளம்பு வலைகளைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பலகை எழுதுபவரிடம் மகன் போயிருக்கிறான். மூன்று மொழியிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கீழே ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன்: காலை ஐந்து மணி முதல் பஸ் சத்தம் கேட்கும்.