வட்டகொடைத் தோட்டக் குடும்பங்களின் வீட்டுத் தேவையைக் கணக்கெடுத்துத் திட்டமிடக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர், மாவட்டச் செயலகம், நுவரெலியா.

பிரதிகள்: பிரதேச செயலாளர், பிரதேச சபைத் தவிசாளர், புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைத் தலைவர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

வட்டகொடைத் தோட்டங்களின் லயன்களில் வாழும் குடும்பங்கள் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

மலையகத்துக்கு வீட்டுத் திட்டங்கள் வராமல் இல்லை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனால் கிடைக்கும் வீடுகளுக்கு ஆள் தேடுவதே வழக்கமாகிவிட்டது. எத்தனை குடும்பங்களுக்கு வீடு இல்லை என்பது முதலில் எண்ணப்படுவதில்லை. ஒரே காம்பராவில் பெற்றோரும் மணமான பிள்ளைகளும் குடியிருந்தால், காம்பராவை எண்ணுவோருக்கு அது ஒரு குடும்பம். தோட்டத்தில் பேர் பதிந்தோரை மட்டும் எண்ணினால், ஓய்வு பெற்றவர்களும் கொழும்பில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புவோரும் விடுபடுகிறார்கள்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. எனவே இனிச் சட்டத்தைத் தடையாகக் காட்ட இடமில்லை.

எமது கோரிக்கைகள்:

1. கிராம உத்தியோகத்தர், பிரதேச சபை, தோட்ட நிர்வாகம், குடியிருப்பாளர் ஆகியோர் சேர்ந்து, டிவிஷன் வாரியாகக் குடும்பங்களைக் கணக்கெடுக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யாத குடும்பங்களும் அதில் அடங்க வேண்டும்.

2. பட்டியலைப் பிரட்டுக்களத்திலும் பிரதேச சபையிலும் ஒட்டி, ஆட்சேபனைக்கு அவகாசம் தர வேண்டும். மண்சரிவு அபாயத்தில் உள்ளோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை வேண்டும்.

3. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானதென உறுதிப்படுத்திய காணியையே ஒதுக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தன. அந்த இழப்பு மீண்டும் நேரக்கூடாது.

4. 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்பது குறைந்தபட்ச அளவாக இருக்கட்டும். காணி உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும்.

5. வீட்டுக்கான கடன் தவணை அறவிடப்படுமாயின், வேலை நாள் குறையும் மாதங்களையும் கணக்கில் எடுத்துத் தொகையைத் தீர்மானிக்க வேண்டும்.

6. பாதை, குடிநீர், மின்சாரம், வீட்டுக்கு வீடு தபால் முகவரி ஆகியவை பிரதேச சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

கணக்கெடுப்புக்கு ஆட்களையும் தகவல்களையும் தந்துதவ நாங்கள் தயார். ஒரு மாதத்துக்குள் கூட்டுக் கலந்துரையாடலுக்குத் திகதி குறித்து, எழுத்து மூலம் அறிவிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
வட்டகொடைத் தோட்டக் குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில்