"எனக்கு ஒண்ணும் இல்லையே.. நான் ஏன் தெரபிக்குப் போகணும்?" - நோய் இல்லாதவர்கள் கவுன்சிலிங் போகலாமா? யாரிடம் போவது?

தி.நகரில் ஏதோ ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். இரவு 9 மணிக்கு மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது: "நாளைக்கு வந்ததும் என்னைப் பாருங்க." அவ்வளவுதான், அன்று இரவு தூக்கம் போச்சு. காலையில் போய்ப் பார்த்தால், ஒரு லீவு ஃபார்மில் கையெழுத்து வேண்டுமாம். ஒருமுறை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வாரத்துக்கு மூன்று முறை இப்படித்தான் என்றால்?

இவருக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது. வேலைக்குப் போகிறார், இஎம்ஐ கட்டுகிறார், கல்யாண வீட்டில் சிரித்துப் பேசுகிறார். ஆனால் 'நல்லா இருக்கேன்' என்று மனசாரச் சொல்ல முடியவில்லை. ரீல்ஸைத் திறந்தால் 'தெரபி எடுங்க' என்கிறார்கள். வீட்டில் சொன்னால் 'அதெல்லாம் பைத்தியத்துக்குத்தானே' என்கிறார்கள். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் குழப்பம் அதிகம். ஏனென்றால் நம் சட்டமும் இன்சூரன்ஸும் நோயாளிக்குத்தான் ஓரளவு வழி காட்டுகின்றன.

'கீழ்ப்பாக்கம்' என்றாலே ஏன் பயம்?

சென்னையில் ஒருவரைக் கிண்டல் செய்ய 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொன்னால் போதும். சினிமா காமெடிகளில் இந்த வசனம் எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதே கஷ்டம். 1794-ல் தொடங்கிய வரலாறு உள்ள அரசு மனநல மருத்துவமனையின் பெயர், ஊர் பேச்சில் வசைச்சொல்லாகிவிட்டது. 2005-ல் அடுத்தடுத்து வந்த சந்திரமுகி, அந்நியன் இரண்டுமே மனநலப் பிரச்சனை என்றால் ஆளே வேறொருவராக மாறிவிடுவார் என்ற படத்தைத்தான் மனதில் பதித்தன. படமாகப் பார்க்க ரசிக்கலாம்தான். ஆனால் தூக்கம் வராமல் தவிப்பவர், 'நமக்கு அந்த அளவுக்கு ஆகலையே' என்று ஒதுங்கிவிட அதுவே காரணமாகிறது.

அதே மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர்தான் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். அவர் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு இன்றும் அண்ணாநகரில் இயங்குகிறது. தீவிர மனநோய்க்கான சிகிச்சையில் சென்னைக்குப் பெரிய அனுபவம் உண்டு. அன்றாட மன அழுத்தத்துக்கு உட்கார்ந்து பேசலாம் என்பதுதான் நமக்குப் புதுசு.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

படத்தில் வருவது போல சோபாவில் படுக்க வைத்து கடிகாரத்தை ஆட்டுவதெல்லாம் இல்லை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, சுமார் 50 நிமிடம். பக்கத்து வீட்டு மாமா என்றால் இரண்டாவது நிமிடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்: "வேலையை விட்டுடு", "காலையில எழுந்து வாக்கிங் போ". நல்ல தெரபிஸ்ட் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்ல மாட்டார்.

மேனேஜர் மெசேஜையே எடுத்துக்கொள்வோம். பரவலாகப் பயன்படும் முறை ஒன்று சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கியது. மெசேஜ் வந்ததும் முதலில் தோன்றியது என்ன என்று கேட்பார்கள். "வேலை போச்சு" என்ற ஒரு எண்ணம். அதனால் வயிறு கலங்கியது. வயிறு கலங்கியதால் பத்து முறை போனைப் பார்த்தார், தூங்கவில்லை. அடுத்த நாள் சோர்வில் வேலையில் தப்பு வந்தது, அதனால் பயம் இன்னும் கூடியது. இந்தச் சுழலை நோட்டில் எழுத வைப்பார்கள். இதற்கு முன் இப்படி எத்தனை மெசேஜ் வந்தது, அதில் எத்தனை முறை நிஜமாகவே கெட்ட செய்தி? பதிலை அவரே எழுத வேண்டும். அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடமும் உண்டு: மெசேஜ் வந்தால் உடனே, "என்ன விஷயம் சார்?" என்று திருப்பிக் கேட்டுவிடுவது. கேட்க அற்பமாக இருக்கும். பயத்தில் இருப்பவருக்கு அது மலை.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இந்த முறை பலன் தருகிறது என்பதற்கு ஆய்வுகள் நிறைய உண்டு. இங்கிலாந்தில் 2008 முதல் அரசே இப்படிப்பட்ட பேச்சு சிகிச்சையைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகிறது. ஆனால் நன்றாக இருப்பவர் 'இன்னும் சிறந்த மனிதராக' மாற தெரபி எடுத்தால் எவ்வளவு பலன் என்பதற்கு ஆதாரம் அத்தனை திடமாக இல்லை. விளம்பரங்கள் இதைச் சொல்லாது.

போர்டு வைத்தவரெல்லாம் யார்?

உஷாராக இருக்க வேண்டிய இடம் இதுதான். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் எம்ஃபில் போன்ற அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்சிஐ-யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இருக்கும், கேட்கலாம். கேட்டால் கோபப்படுபவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

ஆனால் 'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' என்ற பெயர்களுக்கு நடைமுறையில் இப்படி ஒரு கேட் இல்லை. முறையாக எம்எஸ்சி சைக்காலஜி படித்து, சீனியரின் மேற்பார்வையில் பழகியவரும் அதே போர்டு வைப்பார். வார இறுதியில் ஆன்லைன் சான்றிதழ் வாங்கியவரும் வைப்பார். இவர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர 2021-ல் நாடாளுமன்றம் சுகாதாரத் துறை சார்ந்த பணியாளர்களுக்கான ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை சோதிக்கும் வேலை நம் தலையில்தான். என்ன படித்தீர்கள், எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், எத்தனை அமர்வு ஆகலாம், நான் சொல்வது வெளியே போகுமா.. முதல் போனிலேயே கேட்டுவிடலாம். அலுவலகமே ஏற்பாடு செய்த கவுன்சிலர் என்றால் கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள்.

இன்சூரன்ஸ் தருமா?

பெரும்பாலும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடல் நோயைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 31-க்குள் அதைச் செய்யும்படி இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு ஐஆர்டிஏஐ கெடு விதித்தது. ஆனால் சட்டத்தின் விளக்கப்படி மனநோய் என்பது யோசனை, மனநிலை போன்றவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு. அது ஒருவரின் தீர்மானிக்கும் திறனையோ அன்றாட வாழ்க்கையையோ பெரிதும் பாதித்திருக்க வேண்டும். நம்ம தி.நகர்க்காரர் அதற்குள் வரமாட்டார். தவிர, சாதாரண பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். பேசிவிட்டு வீட்டுக்கு வருவதற்குத் தராது. தனியாரில் ஒரு அமர்வுக்கே பல இடங்களில் நான்கு இலக்கத் தொகை ஆகிறது. மாதம் நான்கு முறை என்றால் கணக்கு நீங்களே போடலாம்.

எல்லாத்துக்கும் தெரபிதான் பதிலா?

இல்லை. இரவு 11 மணிக்கு மெசேஜ் அனுப்பும் மேனேஜரைத் திருத்தாமல், ஊழியரை மட்டும் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது என்ன நியாயம்? இங்கே மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் சினேகா அமைப்பைப் பாருங்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கியது. தன்னார்வலர்கள் அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதுதான் அங்கே வேலை. ஆனால் அவர்கள் கேட்பதோடு நிற்கவில்லை. தேர்வில் தோற்ற மாணவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே துணைத்தேர்வு எழுத வழி வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். அந்த மாணவருக்கு ஆறுதல் எவ்வளவு தேவையோ, இன்னொரு வாய்ப்பும் அவ்வளவு தேவை.

செலவில்லாமல் தொடங்க வேண்டும் என்றால் 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நோய் இருக்கிறதா என்று தெரியாதவர்களும் அழைக்கலாம். தூக்கமின்மை, அழுகை, வேலை செய்ய முடியாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவுன்சிலிங் சென்டர் தேடிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தற்கொலை எண்ணம் தோன்றினால் உடனே பேசுங்கள்: மாநில சுகாதாரத் துறை உதவி எண் 104, சினேகா 044-24640050.