ஒருசந்தி எங்களுக்கு, சுத்தபோசனம் யாருக்கு?

திருநீற்றுப் புதன் வந்தால் போதும், நம்ம சாமியார்களுக்குப் பசி மேல் திடீரென்று ஒரு பக்தி வந்துவிடும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் டவுன் கோயிலானாலும் சரி, மாசத்துக்கு ஒரு தரம் பூசை வைக்கிற சேரிச் சிற்றாலயம் ஆனாலும் சரி, நாற்பது நாளும் ஒரே பிரசங்கம்தான். வாயைக் கட்டுங்கள், வயிற்றை ஒறுங்கள், ஆண்டவர் பாலைவனத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்தார். கிடந்தார், யார் இல்லை என்றது? இதை யார் முன்னால் நின்று சொல்கிறீர்கள் என்பதுதான் நம் கேள்வி.

தவக்காலம் எந்த மாசத்தில் வருகிறது என்று பாருங்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மானாவாரிக் காட்டில் பருத்தி எடுப்பு ஓய்ந்து, மக்காச்சோள அறுப்பும் முடிந்து, கரிசல் வெடித்துக் கிடக்கிற காலம். கொள்ளிடக் கரையில் சம்பா அறுத்துக் களம் காலியான காலம். ஆண்டிமடம், செயங்கொண்டம் பக்கம் முந்திரிக் கொட்டை பொறுக்கக் கொஞ்சம் கூலி கிடைக்கும், அவ்வளவுதான். 2011 கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர்; அரியலூரில் 23 பேர். மதம் மாறியவன் தலித் இல்லை என்று 1950-ஆம் வருசத்து ஜனாதிபதி ஆணை சொல்வதால், நம் கிறித்தவச் சேரிகள் அந்தக் கணக்கிலேயே வராது. இந்தச் சனத்துக்குத்தான் பசியின் அருமையைச் சாமியார் எடுத்துச் சொல்கிறார். எங்க அப்பாயி ஒரு தரம் உபதேசியாரிடம் கேட்டுச்சு: “ஒரு வேளை தின்னா ஒருசந்திங்கிறீங்க. நாங்க எந்த நாளு ரெண்டு வேளை தின்னோம், அதைக் கொறைக்கிறதுக்கு?” உபதேசியார் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அது சிரிக்கிற கேள்வி இல்லை.

பழைய ஞானோபதேசப் புத்தகம் படித்தவர்களுக்கு இரண்டு வார்த்தை மறக்காது. ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி இல்லாத சாப்பாடு. ரோமாபுரிச் சட்டத்தில் இருப்பது ‘இறைச்சி தவிர்த்தல்’ என்ற பொருள் மட்டும்தான். இறைச்சி அசுத்தம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது. சொல்லப்போனால் இறைச்சி நல்ல பண்டம், பிரியமான பண்டம், அதனால் விட்டுக்கொடு என்பதுதான் அதன் தர்க்கம். தமிழுக்கு வந்தபோது அது எப்படிச் ‘சுத்த’போசனம் ஆனது? யார் வாயிலிருந்து வந்த சுத்தம் இது?

இதற்கு விடை தேட 1606-க்குப் போகவேண்டும். அந்த வருசம் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். ஏற்கெனவே அங்கே பரவர்களுக்காக நடந்துகொண்டிருந்த கோயிலோடு ஒட்டுறவை அறுத்துக்கொண்டார். காவி கட்டினார், பிராமணச் சமையல்காரர் வைத்துக்கொண்டார், கறி, மீன், முட்டை, மது எல்லாம் விட்டார், நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் சாப்பிட்டார். இதைத் துறவு என்று நம் செமினரிகளில் பாடம் நடத்துகிறார்கள். துறவுதான். ஆனால் அந்தத் துறவுக்கு ஒரு விலைச்சீட்டு இருந்தது: தீட்டுப்பட்டவன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி இந்த முறைக்குப் பச்சைக்கொடி காட்டினார். பிறகு 1640 வாக்கில் கீழ்ச்சாதிகளுக்கென்று ‘பண்டாரசாமிகள்’ என்று தனி வரிசை ஏற்பட்டது. அய்யருக்கு ஒரு சாமி, அடுத்தவனுக்கு ஒரு சாமி.

1704-இல் புதுச்சேரியில் வைத்துப் போப்பின் தூதர் தூர்னோன் ஓர் ஆணை போட்டார். சாகக்கிடக்கிற பறையனுக்கு அவன் வீட்டுக்குள்ளேயே போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவேண்டும் என்றது அது. இப்படி ஓர் ஆணை போடவேண்டி வந்தது என்றால் அதுவரை நடந்தது என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சேசு சபையார் நாற்பது வருசம் அதை எதிர்த்து மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் காலத்தில் ஏற்பட்ட சமரசம்: பறையர்களுக்கென்று தனிக் குருக்கள். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடி அடைக்கலமாதா கோயிலை வளர்த்தது இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான். அவருடைய தமிழை நாம் குறைத்துப் பேசவில்லை. அவருக்கு முன்னும் பின்னும் அந்த மிஷன் கட்டிக்காத்த சாப்பாட்டு ஒழுக்கத்தைத்தான் பேசுகிறோம். நம் மண்ணில் கிறித்தவ நோன்பு சைவச் சாப்பாட்டின் தோளில் ஏறித்தான் வந்தது. அது வரும்போதே தீட்டையும் கூடக் கூட்டிக்கொண்டு வந்தது.

அதன் விளைவை இன்றைக்கும் நம் தெருவில் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாட்டுக்கறி தின்றால் பாவம். மீனுக்குச் சட்டத்தில் தடை இல்லை, வஞ்சிரம் வறுத்துத் தின்றால் அது சுத்தபோசனம். கூலிக்காரன் வீட்டில் எட்டுமுழத் துணி மாதிரி கொடியில் காய்கிற உப்புக்கண்டம் மட்டும்தான் மோட்சத்துக்குத் தடை போலிருக்கிறது! நம்ம ஆளுங்களும் சளைத்தவர்கள் இல்லை. “நாப்பது நாளும் நான் கவுச்சி தொடலைங்க” என்று ஒருத்தர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போது, அந்தப் பெருமை இயேசுவிடமிருந்து வந்ததா, மாலை போட்டு மலைக்குப் போகிற பக்கத்துத் தெருக்காரரிடமிருந்து வந்ததா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கிறோம். கறியை விட்டால் ஊர்க்காரன் கொஞ்சம் மதிப்பான் என்று நினைக்கிறோம். அவன் மதித்ததாக ஒரு செய்தியும் இல்லை. வீட்டில் பொம்பளைகள் நிலைமை இன்னும் மோசம். ஆம்பளைக்குச் சைவக் குழம்பு ஒரு சட்டி, பிள்ளைகளுக்கு ஒரு சட்டி, தனக்குச் சட்டியில் ஒட்டினது. அவள் வருசம் பூராவும் ஒருசந்தி. அதைக் கணக்கில் வைக்க எந்த ஞானோபதேசமும் இல்லை.

பெந்தெகொஸ்தே சபைகளும் தப்பவில்லை. உபவாச ஜெபம், இருபத்தொரு நாள், நாற்பது நாள் என்று சுவரெல்லாம் போஸ்டர். கடன் தீர உபவாசம், வெளிநாட்டு விசாவுக்கு உபவாசம், பில்லிசூனியம் விலக உபவாசம். களை எடுத்துவிட்டுச் சோர்ந்து வருகிற பெண்ணை வெறும் வயிற்றோடு ராத்திரி முழுக்க முழங்காலில் நிறுத்தி, கடன் தீராவிட்டால் உன் விசுவாசம் பத்தலை என்று அனுப்புகிறார்கள். கடன் கொடுத்தவன் வட்டி என்ன, கூலி ஏன் இவ்வளவு குறைவு என்று அந்த ராத்திரியில் ஒருத்தரும் கேட்பதில்லை.

“வறுமைப் பசி வேறு, விரும்பி ஏற்கிற நோன்பு வேறு, ரெண்டையும் குழப்பாதீங்க” என்பார்கள். குழப்பியது நாம் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது? 1966-இல் ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தினார். இப்போதைய சட்டத்தில் கட்டாய நோன்பு வருசத்துக்கு இரண்டே நாள்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. பதினெட்டு வயது முடிந்து ஐம்பத்தொன்பது முடிகிறவரைதான் அதுவும். கடின உடல் உழைப்பாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று அதற்கு முன்பே பழைய ஒழுக்கவியல் ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு விலக்கு என்பதை எந்தச் சேரியில் எந்தப் பிரசங்கத்தில் சொன்னார்கள்? பாரம் மட்டும் முழுசாக வந்துசேர்ந்தது, சலுகை வழியிலேயே நின்றுவிட்டது.

வேதத்துக்கே வருவோம். இயேசுவின் மேல் ஊர்ப் பெரியவர்கள் சொன்ன குற்றச்சாட்டு அவர் நோன்பிருக்கவில்லை என்பது. யோவானின் சீடர்கள் நோன்பிருக்கிறார்கள், உம் ஆட்கள் தின்கிறார்கள், குடிக்கிறார்கள் என்றுதான் புகார். அதைவிடப் பெரிய புகார், அவர் யாரோடு உட்கார்ந்து தின்றார் என்பது. என்ன தின்னாமல் விட்டார் என்று அவரை யாரும் அளக்கவில்லை. கொரிந்து ஊர்ச் சபையில் வசதிக்காரன் முன்கூட்டியே வந்து தின்று குடித்து மயங்கிக்கிடக்க, உழைத்துவிட்டு நேரங்கழித்து வந்தவன் பசியோடு நின்றான். அதைப் பார்த்துத்தான் பவுல் அந்தச் சபையைக் கிழித்து எழுதினார். ஊர்ப்பந்தி, சேரிப்பந்தி என்று பிரித்தால் அது ஆண்டவர் பந்தியே இல்லை என்பது அதன் சாரம். ஆக சுவிசேஷத்துக்குத் தெரிந்தது சமபந்தி. சுத்தபோசனம் என்கிற பேச்சே அங்கே கிடையாது.

எசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம் என்ன, தெரியாத பகுதியா? திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வருசமும் பூசையில் அதைத்தான் வாசிக்கிறார்கள். தலையை நாணல்போலத் தொங்கப்போட்டுச் சாம்பலில் உட்காருவதைத் தள்ளிவிட்டு, நுகத்தடியை முறிப்பதையும், ஒடுக்கப்பட்டவனை விடுவிப்பதையும், சோற்றைப் பங்கிடுவதையும்தான் நோன்பு என்று அந்தத் தீர்க்கதரிசி வைக்கிறார். வாசித்து முடித்ததும் “ஆண்டவரின் அருள்வாக்கு” என்கிறோம். அதோடு சரி. பிரசங்கம் மறுபடி வயிற்றுக்கே போய்விடும்.

ஒரு தவக்காலத்தில் தலித்துகள் உண்மையாகவே நோன்பிருந்தார்கள். அது 2008. எறையூர், அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இன்றைக்குக் கள்ளக்குறிச்சி. செபமாலை அன்னை கோயிலில் தனி இடம், சவவண்டிக்குத் தடை, சேரிக்குள் நுழையாத தேர் என்று பல தலைமுறை அவமானம் பொறுத்த தலித் கத்தோலிக்கர்கள், தாங்கள் எழுப்பிய சகாயமாதா கோயிலைத் தனிப்பங்காக அறிவிக்கக் கேட்டு அந்த மார்ச் முதல் வாரத்தில் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9-ஆம் தேதி, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. வன்னியக் கிறித்தவர்கள் சேரிக்குள் புகுந்து அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு வாரத்தில் ஈஸ்டர் வந்தது. அந்தப் பட்டினியைத் தவம் என்று எந்தச் சுற்றறிக்கை எழுதியது? மறைமாவட்டத்துக்கு அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, ‘அரசியல்’. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்தபோது அது தவம். அதன் முடிவில் அம்பேத்கர் கையிலிருந்த தனித்தொகுதி பறிபோய்ப் பூனா ஒப்பந்தம் வந்தது. நம் உரிமையைப் பிடுங்குகிற பட்டினிக்குப் பெயர் ஆன்மிகம். அதே பட்டினியை நாம் நம் உரிமைக்காகக் கிடந்தால் பெயர் கலகம்.

எறையூர் தூரம் என்று நினைக்கவேண்டாம். பெரம்பலூர், அரியலூரைத் தன்னுள் வைத்திருக்கிற இதே கும்பகோணம் மறைமாவட்டத்தில்தான் திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கும் இருக்கிறது. திருவிழா நிர்வாகத்தில் இடமில்லை, கல்லறை தனி என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் உயர்நீதிமன்றம் போய்த் தீர்வு கிடைக்காமல் உச்சநீதிமன்றம் வரை ஏறினார்கள். 2025 பிப்ரவரியில் அங்கிருந்து நோட்டீஸ் போனது. கோயிலுக்குள் தேறாத நியாயத்தை டெல்லியில் தேடவேண்டிய கதி. இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடியில் 1.2 கோடி தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் 2016 டிசம்பரில் ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்டால் பாவசங்கீர்த்தனம் முடிந்ததா? பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு அபராதம் என்று ஒன்று உண்டே சாமி!

தவக்கால உண்டியல் காசில் நல்ல காரியம் நடக்கவில்லை என்று நாம் சொல்லவரவில்லை. பெரிய வெள்ளிக் கஞ்சியையும் பழிக்கவில்லை. பல ஊரில் வருசத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லாரும் ஒரே அண்டாவில் கஞ்சி வாங்குகிறார்கள், சில ஊரில் அதற்கும் இரண்டு வரிசை. சாப்பாட்டை விடுவது சுலபம், மறுநாள் தின்றுகொள்ளலாம். சாதியை நாற்பது நாள் விட்டுப்பார்க்கச் சொன்னால்தான் ஊர்த்தெருவில் யாருக்கும் தொண்டையில் இறங்காது.

திருச்சபைச் சட்டம் 1253-ஐ எடுத்துப் பாருங்கள். நோன்புக்கும் இறைச்சி தவிர்ப்புக்கும் பதிலாக வேறு தவமுயற்சிகளை, குறிப்பாக அன்புச் செயல்களை, முழுமையாகவோ பகுதியாகவோ விதிக்க ஆயர் பேரவைக்கு அதிகாரம் கொடுக்கிறது அது. ரோமுக்குப் போகவேண்டாம், புதுச் சட்டம் எழுதவேண்டாம். அதிகாரம் கையிலேயே இருக்கிறது. எனவே அடுத்த திருநீற்றுப் புதனுக்கு முன் நம் சேரிப் பங்குகள் ஒவ்வொன்றிலிருந்தும் கும்பகோணம் ஆயருக்கும் தமிழக ஆயர் பேரவைக்கும் ஒரு மனு போகட்டும். மனு நீளமாக வேண்டாம். இறைச்சிக்குப் பதிலாக இதை விதியுங்கள்: தேர் எங்கள் தெரு வழியே வரவேண்டும். கல்லறை ஒன்று, சவவண்டி ஒன்று. பங்குப்பேரவையில் தலைக்கணக்குப்படி இடம். இதைச் செய்யாத பங்கில் பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு ஆயர் கால்வைக்கக் கூடாது. கையெழுத்து வாங்குகிற தோழர்கள் ஆம்பளைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். முதல் கையெழுத்தோ கைநாட்டோ பொம்பளைகளுடையதாக இருக்கட்டும்.