‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்

1992-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘லின்க்ஸ்’, எழுத்தை மட்டுமே காட்டும் இணைய உலாவியாகும். ஒரு தளம் நம்மை நினைவில் வைக்கும் ‘குக்கீ’ எனும் சிறு குறிப்பை நம் கணினியில் இட முனைந்தால், லின்க்ஸ் முதலில் நம் அனுமதியைக் கேட்கும். ஆம், இல்லை, எப்போதும், ஒருபோதும் வேண்டாம் எனும் நான்கு விடைகளுக்கும் ஒவ்வோர் எழுத்தே போதுமானது. மறுப்பை எங்கோ ஒளித்துவைக்கும் தளங்களுக்கு இது நல்ல பாடம்.

ஆயினும் ஒரே பக்கம் பல குக்கீகளை அனுப்பினால் கேள்வியும் திரும்பத் திரும்ப எழுகிறது. சலித்தவர் ‘எப்போதும்’ என அழுத்திவிடுகிறார். சலிப்பில் பிறந்த இசைவு இசைவாகுமா? ரத்து விசையை ஒருமுறை அழுத்தினாலே அப்பக்கத்தின் குக்கீகள் அனைத்தும் மறுக்கப்பட வேண்டும் என்பதே நமது கருத்து. மும்முறை அனுமதி கேட்டும் விடையில்லையேல் வாசலிலிருந்து திரும்பிவிடும் ஒழுக்கத்தை அறிந்தவர்கள் அல்லவா நாம்!