போட்டிங் நமக்கு... பறவைகளுக்கு என்ன மிச்சம்? பருத்திப்பட்டு ஏரி கேட்கும் கேள்வி!

ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்களுக்கு மெரினா ரொம்ப தூரம். சண்டே சாயங்காலம் குடும்பத்தோட எங்கேயாவது போகணும்னா, சட்டுனு ஞாபகத்துக்கு வர்றது பருத்திப்பட்டு ஏரிதான். சுமார் 87 ஏக்கர் ஏரியைச் சீரமைத்து, நடைபாதை, படகு சவாரியோடு 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். செலவு, சுமார் 28 கோடி ரூபாய்.

இது நல்ல விஷயம்தான். ஆள் நடமாட்டம் இல்லாத ஏரி, குப்பைமேடாகவோ பிளாட்டாகவோ மாறுவதை இந்த ஊர் நிறையவே பார்த்திருக்கு. பக்கத்திலேயே கொரட்டூர் ஏரி, கழிவுநீருக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

ஆனா, நமக்கு 'வியூ'வா தெரியுற ஏரி, பறவைகளுக்கு வீடு. முக்குளிப்பான், நீர்ச்செடிகளைச் சேர்த்து மிதக்கும் கூடு கட்டும். வேகமாப் போற படகின் அலை ஒன்று போதும், முட்டை தண்ணீருக்குள். மடையான் இரை தேடுவது ஆழமில்லாத ஓரத்தில். 'அழகுபடுத்துறோம்'னு ஓரத்தையும் ஆழமாக்கி, கல் பதிச்சுட்டா, அது எங்கே நிற்கும்?

சட்டம் காப்பாத்தாதா? அங்கேதான் சிக்கல். 2017 ஈரநில விதிகளின் வரையறையில், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர்கள் உருவாக்கிய நீர்நிலைகள் சேராது. நம்ம ஏரிகளில் பெரும்பாலானவை முன்னோர் பாசனத்துக்காக வெட்டியவை. ஆக, எத்தனை பறவை வந்தாலும் அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது.

வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். அது சரணாலயம் என்பதால் சட்டத்தின் காவல் இருக்கு. 2022-ல் ராம்சார் அங்கீகாரமும் கிடைச்சது. அங்கே போட்டிங் இல்லை. கரையில் நடந்து, கோபுரத்தில் ஏறிப் பார்த்துட்டு வரணும். தீபாவளிக்குப் பட்டாசைத் தவிர்க்கும் ஊர்க்காரங்கதான் நிஜக் காவல்.

ஆவடியை வேடந்தாங்கல் ஆக்கச் சொல்லலை. ஏரியில் ஒரு பகுதியைப் படகு போகாத பகுதியா ஒதுக்கலாம். வலசைப் பறவைகள் வரும் அக்டோபர் முதல் மார்ச் வரை சவாரியைக் குறைக்கலாம். தண்ணீரைப் பார்த்து அடிக்கும் விளக்குகளை நடைபாதைப் பக்கம் திருப்பலாம். நம்ம பங்குக்கு, பிரெட், சிப்ஸ் வீசாம இருக்கலாம்.

பறவை இல்லாத ஏரியில் போட்டிங் போறதுக்கு, பெரிய நீச்சல் குளம் போதுமே!