பயணப் பை: முதல் ட்ரெக்கிங் போறீங்களா? கூச்சப்படாமல் கேட்க வேண்டிய 6 கேள்விகள்!

பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுகிறது. மேகத்துக்கு மேலே ஒரு பாறை. அதன் மேல் கைகளை விரித்தபடி ஒரு பெண். ‘நாமளும் போலாமாடி?’ என்று ஒருத்தி கேட்க, பத்தே நிமிடத்தில் எட்டுப் பேர் ‘நான் ரெடி’ என்கிறார்கள்.

பணம் கட்டி முடித்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயம் வரும். மூச்சு வாங்கினால்? பீரியட்ஸ் வந்துவிட்டால்? பாத்ரூம்? ‘இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார்களோ’ என்று குரூப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை. மலையில் ஆபத்து வருவது பெரும்பாலும் தைரியக் குறைவால் அல்ல, கேட்காமல் விட்ட கேள்விகளால்தான். அப்படிக் கேட்டே ஆக வேண்டிய ஆறு கேள்விகள் இங்கே...

1. ‘யார்கூடப் போறே?’

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மாவோ, கணவரோ, மாமியாரோ கேட்கும் முதல் கேள்வி இது. எரிச்சல் வரும். ஆனால், இது நியாயமான கேள்விதான். அதை அப்படியே பயண ஏற்பாட்டாளரிடம் திருப்பிக் கேளுங்கள்.

குழுவில் மொத்தம் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர்? கூட வரும் கைடு அந்த மலையைச் சேர்ந்தவரா? முதலுதவி தெரிந்தவர் யார்? ஒருவருக்குக் கால் சுளுக்கினால் அவரோடு யார் திரும்புவார்? இரவில் தங்கும் இடத்தில் பெண்களுக்குத் தனி டென்ட் அல்லது அறை உண்டா? ‘அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்’ என்று பதில் வந்தால், அந்தக் குழு வேண்டாம்.

கிளம்பும் முன் பாதையின் பெயர், கைடின் போன் நம்பர், குழுவில் உள்ள இருவரின் நம்பர், கீழே இறங்கிவிடும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். ‘ராத்திரி எட்டு மணிக்குள்ள போன் வரலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டால், வீட்டில் இருப்பவர்களுக்கும் பாதி பயம் போய்விடும்.

2. ‘பர்மிட்டைக் காட்டுங்க?’

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம்பெண்கள். அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசுத் தரப்பில் பிறகு சொல்லப்பட்டது. பணம் கட்டி, நம்பி வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

காட்டுத்தீ, சமவெளியைவிட மேட்டில் வேகமாக ஏறும். காய்ந்த புல்வெளிச் சரிவில் அதை ஓடி ஜெயிக்க முடியாது. அதனால்தான் கோடைத் தொடக்கத்தில், வழக்கமாக பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை, தமிழகத்தில் மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன. அந்த நாள்களில் ‘ஸ்பெஷல் ட்ரெக்’ என்று யாராவது அழைத்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் போகாதீர்கள்.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 40 பாதைகள் எளிது, மிதமானது, கடினம் என்று பிரிக்கப்பட்டு, ஆன்லைனில் முன்பதிவு செய்யும் வசதி வந்தது. மலைக்கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்தவர்கள் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். முதல்முறை போகிறவர்கள் ‘எளிது’ பிரிவில் இருந்து தொடங்குவது நல்லது. தனியார் குழுவோடு போவதென்றால், அனுமதிச் சீட்டில் உங்கள் பெயரும், போகப்போகும் பாதையின் பெயரும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

3. ‘எனக்கு மட்டும் ஏன் மூச்சு வாங்குது?’

‘வயசாயிடுச்சு’, ‘வெயிட் போட்டுட்டேன்’ என்று பெண்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். காரணம் ரத்தசோகையாகவும் இருக்கலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழகத்திலும் அது பாதிக்கு மேல்தான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், தசைகளுக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். வீட்டு மாடிப்படியில் தெரியாத அந்தக் குறை, மலையில் தெரிந்துவிடும்.

அதனால், பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். ஏறுவதற்கு அவசரமில்லை, மலை எங்கும் போய்விடாது. ஆஸ்துமா, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால், அதைக் கைடிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று மறைப்பதுதான் ஆபத்து.

நடைப்பயிற்சியை ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். தினமும் 30 நிமிடத்தில் ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசி இரண்டு வாரம், முதுகில் நாலைந்து கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதோ முழங்கால் பேசும்! படி இறங்கும் பயிற்சியும், கையில் ஒரு ஊன்றுகோலும் முழங்காலைக் காப்பாற்றும்.

4. ‘அந்த மூணு நாள்ல வந்துட்டா?’

பீரியட்ஸ் நேரத்தில் மலை ஏறலாமா என்றால், தாராளமாக ஏறலாம். வழக்கமாகவே வலியும் போக்கும் அதிகம் உள்ளவர்கள் மட்டும் தேதியை மாற்றிக்கொள்வது நல்லது.

நாப்கின் பயன்படுத்துபவர்கள், தேதி தள்ளி இருந்தாலும் ஒரு பாக்கெட்டைப் பையில் வைத்துவிடுங்கள். அலைச்சலில் முன்கூட்டியே வருவது சகஜம். பயன்படுத்திய நாப்கினைக் காட்டில் புதைக்கவோ வீசவோ கூடாது. பிளாஸ்டிக் இருப்பதால் அது மக்காது, விலங்குகளும் தோண்டி எடுத்துவிடும். பேப்பரில் சுற்றி, ஜிப் வைத்த கவரில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மென்ஸ்ட்ருவல் கப் என்றால் 12 மணி நேரம் வரை தாங்கும். ஆனால், முதல்முறையாக மலையில் போட்டுப் பார்க்க வேண்டாம். வீட்டில் இரண்டு, மூன்று மாதம் பழகிய பிறகு கொண்டுபோங்கள்.

தேதியைத் தள்ளிப்போட மாத்திரை? மெடிக்கல் ஷாப்பில் தோழி பெயரைச் சொல்லி வாங்குவது வேண்டவே வேண்டாம். ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டு பிரச்னை உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. ‘பாத்ரூம் எங்கே?’

பல பாதைகளில் கிடையாது என்பதுதான் பதில். இதற்குப் பயந்து, காலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்கள் செய்யும் பெரிய தவறு. நீர் வற்றினால் தலைவலி, தசைப்பிடிப்பு, மயக்கம், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரிசையாக வரும். ஒருநாள் மலையேற்றத்துக்கு ஆளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர் தேவை. ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இரண்டு இருக்கட்டும்.

வழி சுலபம்தான். இருவர் இருவராக ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் துப்பட்டாவையோ, மழை கோட்டையோ திரைபோலப் பிடித்தால் போதும். பாதையை விட்டு வெகுதூரம் போகாதீர்கள். கைடிடம் சொல்லிவிட்டே விலகுங்கள். ஓடை, சுனையில் இருந்து 60 மீட்டராவது தள்ளி இருங்கள், கீழே ஊரில் அதைத்தான் குடிக்கிறார்கள். நின்றபடி பயன்படுத்தும் புனல் வடிவ சாதனம் ஆன்லைனில் கிடைக்கிறது. அதையும் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது. சீக்கிரம் உலரும் ட்ராக் பேன்ட், முழுக்கை டி-ஷர்ட் வசதி. ஷூ புதிதென்றால் இரண்டு வாரமாவது போட்டு நடந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறினால், பிடித்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்து நகர்த்தி எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால், கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். பதற வேண்டாம்.

6. ‘திரும்பிப் போயிடலாமா?’

கேட்கக் கஷ்டமான கேள்வி இதுதான். ‘என்னால எல்லாருக்கும் லேட் ஆகுதே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவர்கள் அதிகம். தலைசுற்றல், நெஞ்சு அடைப்பு, வாந்தி, தெளிவில்லாத பேச்சு... இதில் எது வந்தாலும் உடனே நிற்க வேண்டும், சொல்ல வேண்டும். உச்சியை எத்தனை மணிக்குள் தொடாவிட்டால் திரும்புவது என்பதைக் காலையிலேயே குழுவாக முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் வாக்குவாதம் இருக்காது.

அடுத்து இமயமலைக்கு ஆசைப்படுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2,500 மீட்டருக்கு மேலே போகப்போக, காற்றில் ஆக்சிஜன் குறைவதால் உடல் தடுமாறலாம். 3,000 மீட்டரைத் தாண்டினால், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்காமல் இருப்பது பாதுகாப்பு. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால், அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

செல்போனில் 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி எண்) இரண்டையும் சேமித்துக்கொள்ளுங்கள். தமிழகக் காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியும் இருக்கட்டும். ஆனால், சிக்னல் இல்லாத இடத்தில் செயலி உதவாது. அங்கே கழுத்தில் ஒரு விசில், பையில் ஒரு டார்ச், பக்கத்தில் ஒரு தோழி, இந்த மூன்றும்தான் துணை.

கேட்டதால் திறந்த மலை

தமிழக எல்லையை ஒட்டி, கேரளத்தில் இருக்கிறது 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். அதன் உச்சிக்குப் பெண்கள் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. ‘ஏன் கூடாது?’ என்று சில பெண்கள் நீதிமன்றத்தில் கேட்டார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில், தடை நீங்கிய பிறகு உச்சியைத் தொட்ட முதல் பெண்ணானார் பாதுகாப்புத் துறை மக்கள் தொடர்பு அதிகாரி தன்யா சனல்.

அந்த மலை திறந்ததே ஒரு கேள்வியால்தான். உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்றைக்கே முதல் கேள்வியைப் போடுங்கள். ‘பர்மிட் யார் பேர்ல இருக்கு?’ என்று நீங்கள் கேட்டதும், மீதி ஏழு பேரும் ‘நானும் அதைத்தான் கேட்கலாம்னு இருந்தேன்’ என்பார்கள், பாருங்களேன்!