வேரறிந்து சொல்லறிவோம்

ஆங்கிலம் என்றதுமே நம்மில் பலருக்கு, சிறப்பாகச் சிற்றூர்களில் தமிழ் வழியில் பயின்று வந்தவர்களுக்கு, உள்ளம் நடுங்குகிறது. சொற்களை வரிசையாக எழுதி வைத்து, தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆங்கிலச் சொல்லை அதன் பிறப்போடு சேர்த்துப் படித்தால் இந்த அச்சம் பெரிதும் நீங்கும் என்பது என் கருத்து.

'விண்டோ' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் கூட்டுச்சொல்லே இவ்வாறு உருமாறியது. நம் முன்னோரோ சன்னலைக் 'காலதர்' என்றனர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. கடல் பல கடந்து வாழ்ந்த இரு இனத்தார் ஒன்றுபோல் எண்ணியிருப்பது வியப்பன்றோ! 'கேண்டிடேட்' என்றால் இலத்தீனில் வெள்ளாடை உடுத்தவர். பண்டைய ரோமாபுரியில் பதவி நாடியவர்கள் பளிச்சென்ற வெள்ளை மேலாடையுடன் வாக்குக் கேட்டனராம். மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கும் நண்பர்கள் கவனிக்க!

ஆங்கிலம் நம்மிடமும் கடன் பெற்றுள்ளது. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்ற பெயரில் ஆங்கிலேயரின் சூப் ஆயிற்று. சென்னை மாகாணத்தில் அரசுப் பணியாற்றிய பர்னெல் என்பவரும், யூல் என்பவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இத்தகைய சொற்களைக் காணலாம்.

ஆனால், ஒலி ஒத்திருப்பதாலேயே ஒரு சொல்லை நமதென்று கூறிவிடலாகாது. 'கேஷ்' என்பது 'காசு' என்பதிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. இதில் பாதிதான் உண்மை. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்' நம் காசிலிருந்து, போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு சொல். பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து பிறந்தது. பொய்ப் பெருமை தமிழுக்குத் தேவையில்லை. மெய்ப் பெருமையே நிறைய இருக்கிறது.

மெய்யை நாடுவோமாயின், கசப்பையும் ஏற்க வேண்டும். பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு மக்கட்பிரிவின் பெயரை ஆங்கிலம் 'பரையா' எனத் திரித்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் பொருளில் உலகெங்கும் பரப்பியது. அப்பொருளை ஆங்கிலேயன் கற்பனையில் படைக்கவில்லை; நம் ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த நிலையைக் கண்டே எழுதினான். கட்டுமரத்தைச் சொல்லி மார்தட்டும் நாம் இந்தச் சொல்லை மட்டும் மறைப்பது நேர்மையாகுமா? பெருமையை ஏற்பவர் பழியையும் ஏற்று, அதைத் துடைக்கப் பாடுபட வேண்டும்.

ஆகவே நண்பர்களே, நூலகத்தில் அகராதியைப் புரட்டும்போது பொருளோடு நின்றுவிடாமல், சொல்லின் பிறப்பைக் கூறும் சிறிய எழுத்து வரிகளையும் படியுங்கள். பேராசிரியப் பெருமக்களும் பாடந்தோறும் இரண்டொரு சொல்லின் வரலாற்றைக் கூறினால், எங்களுக்கு ஆங்கிலம் அச்சமாக இராது, அறிவாக இருக்கும்.